ட்ரெஞ்ச் டவுன்: ரெகே பிறந்த முற்றத்துக்குக் குடும்பத்தோடு போவது எப்படி

ஜமைக்கா என்றாலே வடக்குக் கரையில் ஒரு ரிசார்ட், நீச்சல் குளம், ஒரு வாரம், அவ்வளவுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் பேச்சு அப்படித்தான் ஆரம்பித்தது. ஆனால் மகள் அப்போது கிட்டார் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். ரெகே இசைப் பாடகர் பாப் மார்லி இருந்த தெருவைப் பார்க்காமல் திரும்பக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தாள். அதனால் டொராண்டோவிலிருந்து நேராகத் தலைநகர் கிங்ஸ்டனுக்குப் போய் நான்கு நாள் தங்கினோம். அதில் ஒரு காலைப்பொழுது முழுக்க, அந்தத் தெரு இருக்கும் பேட்டையான ட்ரெஞ்ச் டவுனில். நான், மனைவி, 12 வயது மகள், 7 வயது மகன், அறுபது தாண்டிய என் அம்மா.

திரும்பி வந்ததும் நண்பர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கேயா போனீங்க?" அந்தப் பயத்தை வீண் என்று நான் சொல்ல மாட்டேன். ட்ரெஞ்ச் டவுன் ஏழைகளின் பேட்டை. துப்பாக்கிச் சத்தம் கேட்டு வளர்ந்த பேட்டை. ஆனால் ஒருவர் வீட்டுக்குப் போகிற முறையோடு போனால் பிள்ளைகளோடும் போகலாம். எங்களுக்குத் தெரிந்த முறையை வரிசையாகச் சொல்கிறேன்.

போகும் முன் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

எதுவும் தெரியாமல் போனால் அங்கே கண்ணில் படுவது தகரத் தடுப்பும், பெயர்ந்த சுவரும், சுவரில் வரைந்த முகங்களும் மட்டும்தான். அதனால் முதல் வேலை வீட்டிலேயே இருக்கிறது.

1940களில் கிங்ஸ்டனின் ஏழைகளுக்காக அரசாங்கம் இங்கே வரிசையாகக் குடியிருப்புகள் கட்டியது. நடுவில் ஒரு முற்றம். அதைச் சுற்றி ஒற்றை அறைகள், ஒவ்வோர் அறையிலும் ஒரு குடும்பம். சமையலறையும் தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் எல்லாருக்கும் பொது. என் அம்மாவுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. "நம்ம ஒண்டுக் குடித்தனம்தானே" என்றார். திருவல்லிக்கேணியில் அப்படியொரு வீட்டில் பதினோரு வருஷம் இருந்தவர் அவர். ட்ரெஞ்ச் டவுனில் இதற்குப் பெயர் 'கவர்ன்மென்ட் யார்ட்', அரசாங்க முற்றம். 'நோ வுமன், நோ க்ரை' பாட்டில் மார்லி பெயர் சொல்லிப் பாடுவது இந்த முற்றத்தைத்தான்.

குழாயடி ஒன்று, அடுப்பு ஒன்று, முற்றம் ஒன்று என்றால் பாட்டும் ஒன்றாகத்தான் வரும். ராத்திரி ஒருவர் கிட்டாரை எடுத்தால் பத்து வீட்டுக்கும் கேட்கும். மூன்றாம் தெருவில் ஜோ ஹிக்ஸ் என்ற பாடகர் தன் முற்றத்தில் பையன்களை உட்கார வைத்து, காசு வாங்காமல், குரல்களை இணைத்துப் பாடக் கற்றுக்கொடுத்தார். அப்படிக் கற்ற பையன்களில் பாப் மார்லி, பீட்டர் டாஷ், பன்னி வெய்லர் மூவரும் உண்டு. மார்லி கிராமத்திலிருந்து அம்மாவோடு இங்கே வந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது வாக்கில் இருக்கும். 'ராக்ஸ்டெடி' பாணியின் பெரிய குரலான ஆல்டன் எல்லிஸ் இந்தப் பேட்டைக்காரர். டெல்ராய் வில்சனும் அப்படித்தான். 1960களில் ஸ்கா, அதன் பின் ராக்ஸ்டெடி, அதன் பின் ரெகே என்று பத்தே வருஷத்துக்குள் மூன்று பாணிகள் கிங்ஸ்டனில் உருவாயின. மூன்றிலும் இந்தச் சில தெருக்களின் குரல் இருக்கிறது. 2015இல் யுனெஸ்கோ கிங்ஸ்டனை இசை நகரமாக அறிவித்தது. 2018இல் ரெகேயை மனிதகுலத்தின் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இன்னொரு பாதியையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். 1970களில் இரண்டு பெரிய கட்சிகளின் சண்டை இந்தப் பேட்டைகளில்தான் துப்பாக்கிச் சண்டையாக நடந்தது. ஒரு தெரு ஒரு கட்சி, அடுத்த தெரு எதிர்க்கட்சி. 1976 டிசம்பரில் மார்லியையே அவர் வீட்டுக்குள் புகுந்து சுட்டார்கள், பிழைத்துக்கொண்டார். 1978 ஏப்ரல் 22 அன்று கிங்ஸ்டன் தேசிய மைதானத்தில் நடந்த கச்சேரியில் மார்லி, பிரதமர் மைக்கேல் மேன்லியையும் எதிர்க்கட்சித் தலைவர் எட்வர்ட் சியாகாவையும் மேடைக்கு அழைத்து, இருவர் கைகளையும் தலைக்கு மேலே சேர்த்துப் பிடித்தார். அந்தப் படத்தை என் மகனுக்கு ஊரிலேயே காட்டியிருந்தேன். பாதி இடிந்து கிடந்த ஒரு கட்டடத்தைப் பார்த்தபோது "இது அந்தச் சண்டையில உடைஞ்சதாப்பா?" என்று அவனே கேட்டான். முன்பே சொல்லாமல் விட்டிருந்தால் அந்தக் கேள்வி வேறு மாதிரி வந்திருக்கும்.

பயண ஏற்பாடு

கிங்ஸ்டனுக்கு நார்மன் மேன்லி விமான நிலையம். டொராண்டோவிலிருந்து நேர் விமானத்தில் சுமார் 4 மணி நேரம். மான்டிகோ பேவில் இறங்கினால் கிங்ஸ்டனுக்கு இன்னும் 3 மணி நேரம் காரில் வர வேண்டும். பிள்ளைகளோடு அது தேவையில்லாத அலைச்சல். சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ கிளம்புகிறவர்கள் வழியில் எந்த நாட்டில் விமானம் மாறுகிறோம் என்பதை முதலில் பாருங்கள். அமெரிக்கா வழியாகப் போனால் இந்திய பாஸ்போர்ட்காரர்களுக்கு விமானம் மாறுவதற்கே அமெரிக்க விசா வேண்டும். ஜமைக்காவின் நுழைவுப் படிவத்தை இணையத்திலேயே இலவசமாக நிரப்பலாம். அதற்குப் பணம் கேட்கிற தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.

ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். பிப்ரவரி நல்ல மாதம். மார்லியின் பிறந்த நாள் பிப்ரவரி 6, அந்த மாதம் முழுவதும் நாட்டில் ரெகே மாதம். நிகழ்ச்சிகள் நிறைய இருக்கும், கூட்டமும் இருக்கும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் அந்த ஒரு வாரத்தைத் தள்ளி வைத்துக்கொள்வது நல்லது.

தங்குவதற்கு நியூ கிங்ஸ்டன் பகுதி. அங்கிருந்து ட்ரெஞ்ச் டவுன் காரில் கால் மணி நேரத்துக்குள். அந்தக் கால் மணிக்குள் கண்ணாடிக் கட்டடங்கள் முடிந்து தகரத் தடுப்புகள் ஆரம்பித்துவிடும். சென்னையில் இருந்தவர்களுக்கு அது புதிதாக இருக்காது.

துணியில் ஒரு விஷயம் கட்டாயம். ராணுவ உடுப்பு மாதிரி பச்சைத் திட்டுகள் போட்ட துணி, அதுதான் 'காமோ' டிசைன், ஜமைக்காவில் பொதுமக்கள் அணிவது சட்டப்படி குற்றம். சின்னப் பையன் அரைக்கால் சட்டையானாலும் சரி, தொப்பியானாலும் சரி, பெட்டியில் வைக்காதீர்கள். என் மகனுக்கு இருந்த ஒரே நல்ல கால்சட்டை அந்த டிசைன்தான். எடுத்து வெளியே வைத்தோம். அப்புறம், பச்சை ஒரு கட்சியின் நிறம், ஆரஞ்சு இன்னொரு கட்சியின் நிறம். தேர்தல் சமயத்தில் அந்தப் பேட்டைக்குள் முழுப் பச்சை, முழு ஆரஞ்சு டீ-ஷர்ட் வேண்டாம். வெள்ளையோ நீலமோ போட்டால் யோசிக்கவே வேண்டியதில்லை.

வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: அந்தப் பேட்டையில் பிறந்து வளர்ந்த ஒருவர் உங்களோடு நடக்க வேண்டும்.

லோயர் ஃபர்ஸ்ட் ஸ்ட்ரீட்டில் 'ட்ரெஞ்ச் டவுன் கல்ச்சர் யார்ட்' என்ற அருங்காட்சியகம் இருக்கிறது. மார்லி இருந்து பாடிய அந்த முற்றத்தையே அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். 2007இல் அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. போவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே போன் செய்து எத்தனை பேர், என்ன வயது, பெரியவர்களுக்கு நடக்க முடியுமா என்பதைச் சொல்லிவிடுங்கள். முற்றத்தை மட்டும் பார்க்கப் போகிறீர்களா, தெருக்களிலும் நடக்கப் போகிறீர்களா என்பதையும் அப்போதே பேசி, கட்டணத்தையும் கேட்டு முடித்துக்கொள்ளுங்கள். வழிகாட்டி அந்தத் தெருக்காரராக இருந்தால் நீங்கள் கொடுக்கும் பணம் அந்தத் தெருவிலேயே நிற்கும். தெருவில் இருப்பவர்கள் உங்களைப் பார்க்கும் பார்வையும் மாறும். "நம்ம ஆளோட விருந்தாளி" என்ற பார்வை அது. எங்கள் வழிகாட்டி பத்தடிக்கு ஒருமுறை நின்று யாரையாவது நலம் விசாரித்தார். முதலில் நேரமாகிறதே என்று தோன்றியது. அப்புறம்தான் புரிந்தது, ஒவ்வொரு வாசலிலும் எங்களுக்காக அனுமதி கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார்.

போக்குவரத்துக்கு, தங்கும் இடத்தில் சொல்லி நம்பகமான டாக்ஸி ஒன்றை அரை நாளுக்குப் பேசிக்கொள்ளுங்கள். முறையாக உரிமம் பெற்ற டாக்ஸிக்குச் சிவப்பு நம்பர் பிளேட் இருக்கும். இறக்கிவிட்டுப் போய்விடுகிற ஏற்பாடு வேண்டாம். வண்டி வாசலில் காத்திருக்கட்டும். முந்தின நாள் வெளியே நாங்கள் பிடித்த ஒரு வண்டிக்காரர், பாதி வழியில் "அந்தப் பக்கம் நான் வர மாட்டேன்" என்று வேறொரு தெருமுனையில் எங்களை இறக்கிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு வேறு வண்டி பிடித்து அறைக்கே திரும்பினோம். போகும் இடத்தின் பெயரைச் சொல்லி, வருவீர்களா என்று ஏறுவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும்.

நேரம்: காலை பத்து மணிக்குப் போய் இரண்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். வெயில் கடுமையாக இருக்கும். ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர், தொப்பி. நகை வேண்டாம், அம்மாவின் செயினை ஹோட்டலிலேயே வைத்தோம். ஜமைக்கா டாலரில் சில்லறை நோட்டுகள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அமெரிக்க டாலருக்கு 150க்கு மேல் கிடைக்கும் என்பதால் விலை ஆயிரக்கணக்கில் தெரியும், மிரள வேண்டாம். போலீஸ் 119, ஆம்புலன்ஸ் 110.

உள்ளே போனதும்

முதலில் வணக்கம். இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. ஜமைக்காவில் ஒருவரைக் கடந்து போகும்போது 'குட் மார்னிங்' சொல்லாமல் போவது மரியாதைக் குறைவு. கடைக்குள் நுழைந்தாலும் அப்படித்தான். இருட்டிய பிறகு பார்த்தால் 'குட் நைட்' என்பார்கள். அது விடைபெறுவதல்ல, வணக்கம். பெரியவர்களைப் பிள்ளைகள் 'ஆன்ட்டி', 'அங்கிள்' என்பார்கள். பெயருக்கு முன்னால் 'மிஸ்' சேர்ப்பதும் மரியாதை. நம் பிள்ளைகளுக்கு இது தன்னாலே வரும். அவர்களுடைய பேச்சுவழக்கான பட்வாவை அவர்கள் மாதிரியே பேசிக்காட்ட முயலாதீர்கள். பாட்டில் கேட்ட இரண்டு வார்த்தையை அவர்களிடமே இழுத்து இழுத்துச் சொல்வது கேலி மாதிரி ஆகிவிடும்.

படம் எடுப்பதில் நான் செய்த தவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு முற்றத்தில் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. வெயில், நிறம், பின்னால் நீலச் சுவர். யோசிக்காமல் போனைத் தூக்கினேன். உள்ளிருந்து ஒரு பெண் வந்தார். கத்தவில்லை. "அது என் பிள்ளையின் பள்ளிச் சீருடை" என்று மட்டும் சொன்னார். மன்னிப்புக் கேட்டு, அவர் கண் முன்னாலேயே படத்தை அழித்தேன். என் வீட்டுக் கொடியை யாரோ ஒரு வெளியூர்க்காரர் படம் பிடித்தால் நானும் வெளியே வந்திருப்பேன். அருங்காட்சியகத்தில் எங்கே எடுக்கலாம் என்று வழிகாட்டி சொல்வார், அங்கே எடுங்கள். ஆட்களையும் வீடுகளையும் கேட்காமல் எடுக்காதீர்கள்.

முற்றத்துக்குள் மார்லியின் சிலை, மார்லி, டாஷ், பன்னி மூவரும் சேர்ந்து பாடிய வெய்லர்ஸ் குழுவின் துருப்பிடித்த பழைய வேன், சின்னச் சின்ன அறைகள். அவசரப்படாமல் பாருங்கள். மார்லி படுத்த அறை என்று காட்டும் இடம் ஒரு ஒற்றைக் கட்டிலுக்கு மேல் தாங்காது. அம்மா அங்கே நிற்காமல் நேராகச் சமையலறைக்குப் போனார். வின்சென்ட் ஃபோர்ட் என்பவர் இந்தப் பேட்டையில் சமையல் கட்டு ஒன்று வைத்திருந்தார். பசியோடு வந்த பையன்களுக்கு அங்கே சாப்பாடு கிடைத்தது. அவரை எல்லாரும் 'டாட்டா' என்று கூப்பிட்டார்கள். என் மகன் காதில் அது 'தாத்தா' என்றே விழுந்தது, நாங்கள் திருத்தவில்லை. 'நோ வுமன், நோ க்ரை' பாட்டின் ஆசிரியர் என்று பதிவாகியிருப்பது அவர் பெயர்தான். சோளமாவுக் கஞ்சியைப் பங்கிட்டுக் குடித்த கதை அந்தப் பாட்டில் வருகிறது. அம்மா அங்கேயே நின்று, திருவல்லிக்கேணி வீட்டில் குழாயடிச் சண்டை எப்படி வரும், சாயங்காலம் எப்படிச் சமாதானமாகும் என்று வழிகாட்டியிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். நான் மொழிபெயர்த்தேன். இங்கேயும் அதேதான் என்றார் அவர்.

பிள்ளைகளுக்கு வழிகாட்டியிடம் ஒன்றைக் கேளுங்கள்: தாளத்தைக் காட்டச் சொல்லுங்கள். எங்களுக்குக் காட்டினார். நான்கு எண்ணச் சொன்னார். ஒன்றில் டிரம் சும்மா இருக்கும். மூன்றில்தான் பெரிய அடி விழும். இதற்கு 'ஒன் ட்ராப்' என்று பெயர். இரண்டிலும் நான்கிலும் கிட்டார் 'சக்' என்று வெட்டும். மகன் தொடையில் தட்டிப் பார்த்தான். கை ஒவ்வொரு தடவையும் ஒன்றிலேயே போய் விழுந்தது. பாட்டு வகுப்பில் ஆதி தாளம் போட்டுப் பழகிய மகளுக்கும் அதே கஷ்டம். முதல் அடியான சமத்தில் அடிக்காமல் கையைப் பிடித்து வைப்பது லேசான காரியமில்லை. வழிகாட்டி அவள் மணிக்கட்டை மெதுவாகத் தொட்டு "பொறு, பொறு, இப்போ" என்றார். ஆறாவதோ ஏழாவதோ முறை சரியாக விழுந்தது. வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் தலையை ஆட்டினார். அதன் பிறகு அவள் அந்த முற்றத்தை விட்டுக் கிளம்ப மனமில்லாமல் இருந்தாள்.

கஞ்சா வாசனை வரும். மறைக்க முடியாது. ராஸ்தஃபாரி என்ற ஜமைக்கா சமய நெறியில் இருப்பவர்களுக்கு அது வழிபாட்டின் பகுதி. 2015 முதல் சட்டமும் அதைத் தளர்த்தியிருக்கிறது. யாராவது கொடுத்தால் "நன்றி, வேண்டாம்" என்று சொல்லி நகர்ந்தால் போதும். பிள்ளைகளிடம் முன்பே நேராகச் சொல்லிவிடுங்கள். அந்தச் சொல்லே இந்தியாவிலிருந்து போனது என்பதையும் சொல்லலாம்; 1845 முதல் அங்கே ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களோடு அதுவும் போனது.

கிரிக்கெட் பிடித்தவர்களுக்கு

பேட்டையின் நடுவே போகும் பெரிய தெருவுக்கு காலி ஸ்மித் டிரைவ் என்று பெயர். பலர் அதைக் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். காலி ஸ்மித் இந்தப் பேட்டையில், ஹியூ ஷெர்லாக் என்ற பாதிரியார் 1940இல் தொடங்கிய 'பாய்ஸ் டவுன்' என்ற அமைப்பில் ஆடி வளர்ந்தவர். ஷெர்லாக் ஜமைக்காவின் தேசிய கீதத்தை எழுதியவர்களிலும் ஒருவர். ஸ்மித் 1955இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக, தன் முதல் டெஸ்டிலேயே சதம் அடித்தார். 1958-59இல் மேற்கிந்தியத் தீவு அணியோடு இந்தியா வந்தபோது டெல்லி டெஸ்டில் ஒரு சதம், ஒரே இன்னிங்ஸில் 5 விக்கெட். 1959 செப்டம்பரில் இங்கிலாந்தில் கார் விபத்தில் இறந்தார். வயது 26. காரை ஓட்டியவர் அவர் நண்பர் கேரி சோபர்ஸ். ட்ரெஞ்ச் டவுனை ஒட்டியிருக்கும் மே பென் கல்லறைத் தோட்டத்தில்தான் புதைத்தார்கள். அந்தப் பெயரைச் சொன்னால் அங்கே வயதானவர்கள் முகம் மலர்கிறது. எங்களுக்கு அரை மணி நேரப் பேச்சு அதிலேயே போனது.

என்ன கொடுப்பது, என்ன வாங்குவது

தெருவில் பிள்ளைகளுக்கு மிட்டாயோ காசோ கொடுக்காதீர்கள். மனசு கேட்காது, தெரியும். ஆனால் அடுத்த வண்டி வரும்போது அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டு அதன் பின்னால் ஓடும். கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசாமல் கொடுங்கள், வழிகாட்டிக்குத் தனியாகக் கொடுங்கள், அங்கேயே செய்த கைவினைப் பொருள் ஏதாவது வாங்குங்கள். 1993 முதல் 'ட்ரெஞ்ச் டவுன் ரீடிங் சென்டர்' என்ற நூலகம் அங்கே இருக்கிறது. புத்தகம் கொண்டு போக விரும்பினால் என்ன தேவை என்று முன்பே கேளுங்கள். வீட்டில் கிழிந்து கிடக்கும் பழைய புத்தகங்களைத் தள்ளிவிடும் இடமில்லை அது.

சாப்பாடு

சைவக்காரர்கள் கவலைப்பட வேண்டாம். ராஸ்தஃபாரிகளின் 'ஐட்டல்' சமையலில் பெரும்பாலும் இறைச்சி கிடையாது. பலர் உப்பும் போட மாட்டார்கள். தேங்காய்ப்பால், பயறு, பூசணி, வாழைக்காய் என்று நம் நாக்குக்குப் பழகியதுதான் வரும். 'கலலூ' என்று ஒரு கீரை தட்டில் வந்தது. அம்மா ஒரு வாய் எடுத்துவிட்டு "இது தண்டுக்கீரை" என்றார். அதே குடும்பம்தான். வெங்காயமும் மிளகாயும் போட்டு வதக்கியிருந்தார்கள். ஊறுகாய் இல்லாத குறை மட்டும்தான். சோறு என்றால் ராஜ்மா போட்டுத் தேங்காய்ப்பாலில் வேகவைத்த 'ரைஸ் அண்ட் பீஸ்'. அசைவம் சாப்பிடுபவர்கள் ஆட்டுக்கறிக் குழம்பைக் கேளுங்கள். ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்கள் விட்டுப்போன மசாலா அது, இன்று ஜமைக்காக்காரர்களின் கல்யாணச் சாப்பாடு.

மரத்தில் சிவப்பாகத் தொங்கும் அக்கி பழத்தைப் பிள்ளைகள் பறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது நாட்டின் தேசியப் பழம், சமைத்தால் ருசி. ஆனால் மரத்திலேயே தானாகப் பிளப்பதற்கு முன் சாப்பிட்டால் விஷம்.

மறுநாளைக்கு

ஹோப் ரோடு 56ஆம் எண், மார்லி பின்னாளில் வாழ்ந்த பெரிய வீடு, இப்போது அருங்காட்சியகம். எல்லாரும் முதலில் அங்கேதான் போகிறார்கள். நான் சொல்வது, ட்ரெஞ்ச் டவுனைப் பார்த்துவிட்டு மறுநாள் அங்கே போங்கள். அந்த ஒற்றைக் கட்டிலைப் பார்த்த கண்ணோடு போனால், மார்லி எவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்று அந்த வீட்டின் ஒவ்வோர் அறையிலும் பிள்ளைகளுக்கே தெரியும். 1976இல் பாய்ந்த குண்டுகளின் துளைகளும் அங்கேதான்.

இன்னும் நேரம் இருந்தால் சவுத் கேம்ப் ரோடு. அந்தத் தெருவில்தான் ஆல்ஃபா பள்ளி இருக்கிறது. ஏழைப் பையன்களையும் ஆதரவற்ற பையன்களையும் கன்னியாஸ்திரீகள் வளர்த்து, கையில் டிராம்போனும் ட்ரம்பெட்டும் கொடுத்த இடம். ஸ்கா இசையின் பெரிய வாத்தியக்காரரான டான் டிரம்மண்ட் அங்கே படித்தவர். இப்போதும் இசை சொல்லிக்கொடுக்கிறார்கள். பள்ளி நடக்கும் இடம் என்பதால் போன் செய்துவிட்டுப் போங்கள். அதே தெருவில் சபைனா பார்க் மைதானம். காலி ஸ்மித் முதல் சதம் அடித்தது அங்கேதான். நாங்கள் போனபோது ஆட்டம் எதுவும் இல்லை, கேட் பூட்டியிருந்தது. கம்பி வழியாகப் புல்லை மட்டும் பார்த்தோம். பின்னால் வண்டியில் மகன் முன் சீட்டின் முதுகில் தட்டிக்கொண்டிருந்தான்: ஒன்றில் கை நிற்கிறது, மூன்றில் விழுகிறது.